செவப்புக் கோட்டு மேல எழுதின வரி

பழைய ரிஜிஸ்தரைத் தொடறதுக்கு முன்னாடி கையைக் கழுவி, நல்லாக் காய விட்டுட்டுத் தொடணும். ஈரக் கை பேப்பருக்கு ஆகாது. இந்த குரூப்ல நான் போட்ட முதல் பதிவே அதுதான். ஆறு வருஷம் இருக்கும். மொத்தம் நாலு பேர் பதில் போட்டீங்க. அதுல ஒருத்தர், "சார், எங்க தாத்தாவைத் தேடறதுக்கு முன்னாடி தலைக்கே குளிச்சுட்டு வந்துடறேன்"னு எழுதியிருந்தார். இன்னிக்கு நினைச்சாலும் சிரிப்பு வருது.

அதுக்கப்புறம் உங்கள்ல எத்தனையோ பேருக்குத் தேடிக் குடுத்திருக்கேன். கொள்ளுத் தாத்தா பொறந்த தேதி, காணாமப் போன சித்தப்பா வேலை பார்த்த ஊர், அத்தை குடியிருந்த வீட்டு நம்பர். ஒருத்தர் அவங்க பெரியப்பாவோட கல்யாணப் பதிவு கேட்டார்னு ரெண்டு எடுத்துக் குடுத்தேன். ரெண்டும் வேற வேற பொண்ணு. அவர் நன்றி கூடச் சொல்லல. குரூப்பை விட்டே போயிட்டார்.

புதுசா சேர்ந்தவங்களுக்குச் சொல்லிடறேன். நான் நகராட்சி ரெக்கார்டு ரூம்ல இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். போன வருஷம்தான் விருப்ப ஓய்வு வாங்கினேன். இந்த குரூப்பை எனக்கு ஆரம்பிச்சுக் குடுத்தது என் மக. இன்னிக்கு எழுதறது கொஞ்சம் நீளம். அவதான் எழுதச் சொன்னா. அவ சொல்லலன்னாலும் நானே ஒரு நாள் எழுதியிருப்பேன்னுதான் நினைக்கறேன்.

என் மக எங்களுக்குப் பொறந்தவ இல்ல. கல்யாணமாகி ஆறு வருஷம் பார்த்துட்டு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தைகள் இல்லத்துல போய் எழுதிக் குடுத்தோம். பதினோரு மாசக் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாங்க. என் மனைவி தூக்கின உடனே அவ தோள்ல வாயை வச்சு எச்சில் பண்ணுச்சு. கீழ ரெண்டு பல்லு, மேல ரெண்டு பல்லு. என் மனைவி என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கல. "கையெழுத்து எங்க போடணும்?"னு கேட்டுட்டா.

மகளுக்கு ஆறு வயசு இருக்கும்போது என் மனைவி போயிட்டா. மூளைக் காய்ச்சல். மூணே நாள். அதுக்கப்புறம் வீட்ல நானும் மகளும்தான். தலை பின்னத் தெரியாம நான் படுற பாட்டைப் பார்த்துட்டு எங்க ஆபீஸ் பைண்டர் ரிஜிஸ்தர் தைக்கற நூலை மேசைக் கால்ல கட்டி, மூணு பிரியாப் பின்னக் கத்துக் குடுத்தார். ஒரு வாரம் பிடிச்சுது. "சார், புஸ்தகமா இருந்தா இந்நேரம் பிரிஞ்சு கொட்டியிருக்கும், பாப்பாவா இருக்கவும் பொறுத்துக்குது"ம்பார். எனக்கு அவ ஒருத்திதான்னு நான் சொன்னா அது பேச்சுக்குச் சொல்றது இல்ல. அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

அவளுக்கு எட்டு வயசுல அந்த இல்லத்தை மூடினாங்க. அவங்க ரிஜிஸ்தர் எல்லாம் எங்க ரூமுக்கு வந்துச்சு, ஒன்பது அட்டைப் பெட்டி. பிரிச்சு, தூசி தட்டி, பட்டியல் போடற வேலை என்னுது. மூணாவது பெட்டியில என் மகளோட வரி இருந்துச்சு. சேர்த்த தேதி, அவளுக்கு அப்ப மூணு மாசம். தாயோட பேரு, தொழில் தையல். சேர்த்த காரணம், தாய்க்கு நெஞ்சு நோய், ஆஸ்பத்திரியில சேரணும். கடைசிக் கட்டத்துல, நிரந்தரமா தற்காலிகமாங்கற இடத்துல, தற்காலிகம்னு இருந்துச்சு.

அந்த இல்லத்துல ஒரு விதி. தற்காலிகமா விட்டுட்டுப் போறவங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு கடுதாசி போடணும். போடலன்னா குழந்தையைத் தத்துப் பட்டியலுக்கு மாத்திடுவாங்க. மொத ரெண்டு கடுதாசி வந்ததுக்கு டிக் இருந்துச்சு. மூணாவது வரல. அதுக்கு எதிர்ல எங்க ரெண்டு பேர் பேரும். அதுக்கும் கீழ, வேற மையில, பொடி எழுத்துல ஒரு குறிப்பு. தாய் நேரில் வந்தார், விவரம் எதுவும் சொல்லாமல் அனுப்பப்பட்டார். நாங்க குழந்தையைத் தூக்கிட்டு வந்து நாப்பது நாள் கழிச்ச தேதி அது.

நான் அந்த ரிஜிஸ்தரை மூடினேன். மூணாவது பெட்டிக்கான பட்டியல்ல அதை எழுதல. குடிநீர் இணைப்பு விண்ணப்பங்கள் கட்டி வச்சிருக்கற அலமாரியில, மேல் தட்டுல, ரெண்டு கட்டுக்கு நடுவுல செருகினேன். ஒரு பக்கத்தையும் கிழிக்கல. இதை இங்க பதிவு பண்ணணும்னு ஆசைப்படறேன். என் சர்வீஸ்ல நான் ஒரு பக்கம் கிழிச்சது கிடையாது. ரெக்கார்டு ரூம்ல எதையும் கிழிக்கத் தேவையும் இல்ல. இடம் மாத்தி வச்சாப் போதும்.

மூணு வருஷம் கழிச்சு அந்த அம்மா கவுண்டர்ல வந்து நின்னாங்க.

கழுத்துல அளவு டேப்பைக் கழட்ட மறந்து அப்படியே வந்திருந்தாங்க. தோள் பக்கம் ரெண்டு குண்டூசி. விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் தூள். புதன்கிழமை கடைக்கு லீவு, அதனால புதன்கிழமைதான் வர முடியும்னாங்க. விஷயத்தை நின்னுக்கிட்டே சொன்னாங்க. குழந்தையை விட்டுட்டு ஆஸ்பத்திரியில சேர்ந்தது, நடுவுல ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் சுயநினைவு சரியா இல்லாதது, எழுந்து நடக்க ஆரம்பிச்ச உடனே இல்லத்துக்கு ஓடினது. "அந்த மேடம் சொல்ல அனுமதி இல்லன்னு சொல்லி கதவைச் சாத்திட்டாங்க சார். செத்துப் போச்சா, யாருக்காச்சும் குடுத்துட்டாங்களா, அதைக் கூடச் சொல்லல. பத்து வருஷமா ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்கறேன். இங்கதான் எல்லா பேப்பரும் வந்திருக்குன்னாங்க."

உள்ள வந்து உக்காருங்கம்மான்னு சொன்னேன். தண்ணி குடுத்தேன். தேடிப் பாக்கறேன்னு சொன்னேன். அது பொய் இல்ல. அஞ்சு மாசம், ஒரு புதன்கிழமை விடாம, ரெண்டு பேரும் சேர்ந்து தேடினோம். அந்த ரிஜிஸ்தர் இல்லாத இடத்துல எல்லாம் தேடினோம்.

அவங்களுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். விரலை வரிக்குக் கீழ வச்சு, உதட்டை அசைச்சுப் படிப்பாங்க. ஒரு பக்கத்தை அவங்க முடிக்கறதுக்குள்ள நான் பத்துப் பக்கம் முடிச்சுடுவேன். ஆனா அவங்க பார்த்த பக்கத்தை மறுபடி பாக்க வேண்டியதே இல்ல. அவ்வளவு சுத்தம். பைண்டர் தினம் ஒண்ணு விடுவார். "சார், பேசாம அந்த நாற்காலியை டெய்லரம்மா பேருக்கே எழுதி வச்சுடுங்க. நாளைக்கு நானா நீங்களான்னு கேஸ் வராம இருக்கும்." அந்த அம்மா தலையைத் தூக்காமலே, "நாற்காலி வேணாம், உங்க சட்டையைக் குடுங்க பைண்டரே, பொத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க, பாக்கச் சகிக்கல"ம்பாங்க. எனக்கு ரிஜிஸ்தர் தூக்கும்போது முழங்கையில அழுக்கு படாம இருக்க ஒரு ஜோடி கை உறை தச்சுக் குடுத்தாங்க. ரொம்ப நாள் போட்டுக்கிட்டிருந்தேன்.

ஒரு நாள் கேட்டாங்க, "சாருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு."

"என்ன வயசு?"

"பத்து"ன்னேன். பதினொண்ணு.

"என் பொண்ணுக்கு இப்ப பதினொண்ணு நடக்குது"ன்னாங்க. வருஷா வருஷம் பொறந்த நாளைக்கு ஒரு கவுன் தச்சு வைப்பாங்களாம். அளவு எப்படித் தெரியும்னு கேட்டேன். "தெருவுல அந்த வயசுப் பிள்ளைங்க போகும்ல சார், கண்ணாலயே எடுத்துக்குவேன். கொஞ்சம் பிடிச்சு, கொஞ்சம் விட்டு. வளர்ற புள்ளை பாருங்க, மடிப்பு மட்டும் தாராளமா விட்டுருவேன்." மொத்தம் பதினோரு கவுன் ஒரு பெட்டியில இருக்குன்னு சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

தேடறவங்களை எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். என் அனுபவத்துல, தேடறவங்களைக் கொல்றது கெட்ட பதில் இல்ல. பதிலே இல்லாததுதான். கெட்ட பதிலா இருந்தாலும் ஒண்ணு கிடைச்சுட்டா அவங்க வீட்டுக்குப் போய்த் தூங்குவாங்க. இதை நான் இந்த குரூப்லயே ரெண்டு மூணு தடவை எழுதியிருக்கேன். நிறைய பேர் ஆமாம் சார்னு சொல்லியிருக்கீங்க.

அஞ்சாவது மாசம் அந்த அம்மா ஒரு வக்கீலைப் பார்த்துட்டு வந்தாங்க. மனு போட்டா கோர்ட்டு ஆள் வந்து ரூம் முழுக்க, ஒவ்வொரு கட்டாப் பிரிச்சுப் பாப்பாங்களாம். அடுத்த மாசம் போடப் போறாராம். "உங்களுக்கும் சுமை குறையும் சார், தனியா எவ்வளவு தேடுவீங்க"ன்னாங்க.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பைண்டர் கண் டாக்டரைப் பாக்கப் போயிருந்தார். மத்தியானம் மூணு மணி. நல்ல வெளிச்சம்.

இறப்பு ரிஜிஸ்தர்ல மாசக் கடைசி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், நான் பாடமே போட்டிருக்கேன். கடைசிப் பதிவுக்குக் கீழ மிச்சம் இருக்கற காலி வரிகள்ல பின்னாடி யாரும் எதையும் சேர்க்கக் கூடாதுன்னு, குறுக்கால சாய்வா ஒரு செவப்புக் கோடு இழுத்து மூடுவாங்க. எனக்கு வேண்டிய வருஷத்துல ஒரு மாசம், கோடு இழுத்தவர் அவசரத்துல இருந்திருக்கார். ஒரு வரி தள்ளி ஆரம்பிச்சுட்டார். ஒரே ஒரு வரி காலி. கோட்டோட நுனி மட்டும் அந்த வரியோட வலது ஓரத்துல லேசாத் தொட்டுக்கிட்டிருந்துச்சு.

பழைய மைப் புட்டி எங்ககிட்ட எப்பவும் இருக்கும். மேல் வரியில இருந்த கையெழுத்தைப் பார்த்து, அதே சாய்வுல எழுதினேன். பெண் குழந்தை. அந்த அம்மா வச்ச பேரு. வயசு பத்து மாசம். இறந்த இடம், இல்லம். தாயின் பேரு. காரணம்ங்கற கட்டத்துக்கு வந்ததும் கொஞ்சம் யோசிச்சேன். என் மனைவியோட பதிவுல பார்த்த வார்த்தைதான் கைக்கு வந்துச்சு. மூளைக் காய்ச்சல்.

எழுதி முடிச்சுக் காய விட்டேன். ஸ்கூல் விடற நேரம் ஆயிடுச்சு. போய் மகளைக் கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு அவளுக்கு ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவது பரிசு, ஒரு பிளாஸ்டிக் டப்பா.

புதன்கிழமை அந்த அம்மாகிட்ட, இறப்புப் பக்கமும் ஒரு தடவை பாத்துடலாம்மான்னு சொன்னேன். நானா எடுத்துக் காட்டல. ரிஜிஸ்தரை அவங்க முன்னாடி வச்சேன். அவங்களே விரல் வச்சுப் படிச்சுக்கிட்டு வந்தாங்க. அந்த வரிக்கு வந்ததும் விரல் நின்னுச்சு. மறுபடி ஆரம்பத்துலேருந்து படிச்சாங்க. மூணாவது தடவையும் படிச்சாங்க. பைண்டர் கோந்துக் கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு எழுந்து வெளிய போயிட்டார்.

"அந்த மேடம் பயந்துக்கிட்டுத்தான் சொல்லாம விட்டிருப்பாங்களா சார்?"னு கேட்டாங்க.

"அப்படித்தான் இருக்கும்மா."

"பத்து மாசம்னா பல்லு வந்திருக்குமா சார்?"

"வந்திருக்கும்மா. கீழ ரெண்டு, மேல ரெண்டு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க.

"என் பொண்ணுக்கு அப்படித்தான் வந்துச்சு"ன்னேன்.

தலையை ஆட்டினாங்க. "அதைப் பார்க்கலியே நான்"னாங்க. அவ்வளவுதான். அழுது ஆர்ப்பாட்டம் எல்லாம் பண்ற ஆள் இல்ல. டேப்பைக் கழுத்துலேருந்து எடுத்து விரல்ல சுத்தினாங்க, பிரிச்சாங்க, மறுபடி சுத்தினாங்க.

எங்க புதைச்சாங்கன்னு கேட்டாங்க. ஊருக்குப் பொதுவான புதைகாட்டுல வடக்கு ஓரத்துல குழந்தைகளுக்குன்னு ஒரு பகுதி உண்டு. கல்லு கிடையாது, நம்பர் மட்டும்தான், அதுவும் பாதி அழிஞ்சு போச்சு. சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போனேன். ஒரு இடத்தைக் காட்டினேன். அந்த இடத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, ஒண்ணும் இல்லன்னுதான் நினைக்கறேன். நிழல் இருக்கற இடமாப் பார்த்துத்தான் காட்டினேன். அவங்க உக்காந்து மண்ணை உள்ளங்கையால நீவி விட்டாங்க, துணியில சுருக்கம் எடுக்கற மாதிரி. எழுந்திருக்கும்போது சொன்னாங்க, "இப்ப ஒரு நிம்மதி சார். இனிமே தெருவுல போற புள்ளைங்களை எல்லாம் பாக்க வேணாம் பாருங்க."

அந்த நிம்மதிங்கற வார்த்தையை அவங்க வாயாலதான் சொன்னாங்க. நான் சேர்த்து எழுதல.

மூணு வாரம் கழிச்சு ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில வச்சாங்க. "வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன். உங்க பொண்ணுக்கு ஆகும்ல. கடைசிக் கவுன் கொஞ்சம் பெருசா இருக்கும், பத்து வயசுதானே. கூட்டிட்டு வாங்க சார், பிடிச்சுத் தரேன்." வேணாம்னு சொல்லிப் பார்த்தேன். விடல. ரொம்ப மறுத்தா நல்லா இருக்காதுன்னு ஒரு சாயந்திரம் மகளைக் கூட்டிட்டுப் போனேன்.

சின்னக் கடை. ரெண்டு மெஷின், ஒரு கண்ணாடி, சுவர் பூரா வெட்டின காகிதம். மக அந்தக் கவுனைப் போட்டுக்கிட்டு திரைக்குப் பின்னாலேருந்து வந்தா. நீலம், கழுத்துல வெள்ளைப் பட்டி. அந்த அம்மா டேப்பை எடுத்துக்கிட்டு முட்டி போட்டு உக்காந்தாங்க.

"கையை விரி கண்ணு. மூச்சை இழுத்துப் பிடிக்காத, அப்புறம் நிஜ அளவு வராது."

"கூசுது ஆன்ட்டி."

"கூசினா சிரி. சிரிக்கறப்ப எடுக்கற அளவுதான் சரியான அளவு."

மக சிரிச்சா. அவங்களும் சிரிச்சாங்க. தோள், மார்பு, இடுப்பு, முட்டி வரைக்கும் உயரம். ஒவ்வொண்ணா எடுத்துட்டு, டேப்பைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க.

"ஒரு நூல் கூட மாத்த வேணாம் சார். உங்க பொண்ணை நிக்க வச்சுத் தச்ச மாதிரி இருக்கு. பத்து வயசுக்கு நல்ல வளத்தி."

"எனக்குப் பதினொண்ணு ஆன்ட்டி"ன்னா மக.

அந்த அம்மா என்னைப் பார்த்தாங்க. "ஸ்கூல்ல சேர்க்கறப்ப ஒரு வயசு கூட்டிப் போட்டுட்டோம்மா, அதையே சொல்லிக்கிட்டுத் திரியறா"ன்னேன். "அப்பா பொய் சொல்றாரு"ன்னா மக. மூணு பேரும் சிரிச்சோம். அந்த அம்மா அவ கன்னத்தைத் தொட்டாங்க. தொட்ட இடத்துல சாக்பீஸ் ஒட்டிக்கிச்சு. வீடு வரைக்கும் அது அழியல.

மத்த பத்துக் கவுன் சின்னது. அதுங்களை ஒரு துணி சேகரிப்புக்குக் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் மகளை அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போகல. துணி தைக்க வேற கடை பார்த்துக்கிட்டோம்.

அவளுக்குப் பதினாறு வயசானதும் தத்து எடுத்ததைச் சொன்னேன். மறைச்சு வளர்க்கற ஆள் நான் இல்ல. பெத்தவங்க யாருன்னு பதிவு இல்லன்னு சொன்னேன். மூணாவது நாள் என் நாற்காலிக்குப் பின்னால வந்து நின்னு, "எப்படித் தேடறதுன்னு கத்துக் குடுப்பா"ன்னா. கத்துக் குடுத்தேன். பழைய எழுத்து எப்படிப் படிக்கறது, மையைப் பார்த்து எப்படிக் காலம் சொல்றது, எல்லாம். குரூப்ல நான் போட்ட பாடமெல்லாம் மொதல்ல அவளுக்குச் சொன்னதுதான். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் ஒண்ணு உண்டே, நானூறு பேருக்கு மேல பகிர்ந்தீங்க. செவப்புக் கோடு எழுத்து மேல போனா அது நிஜப் பதிவு. எழுத்து கோட்டு மேல போனா, யாரோ பின்னாடி வந்து எழுதியிருக்காங்க. அவளுக்கும் ரொம்பப் பிடிச்ச பாடம் அது.

போன வருஷம் ரூமை முழுசா ஸ்கேன் பண்ண ஆள் வந்தாங்க. குடிநீர்க் கட்டெல்லாம் பிரிச்சாங்க. நான் ஓய்வுக்கு எழுதிக் குடுத்துட்டேன். ரிஜிஸ்தரை எடுத்து வேற இடத்துல வச்சிருக்கலாம், முடிஞ்சிருக்கும். ஏனோ செய்யல. அதை எனக்குச் சாதகமா நான் சொல்லிக்கல. சும்மா பதிவுக்குச் சொல்றேன்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மக போன் பண்ணா. அவ இப்ப வேற ஊர்ல வேலை பாக்கறா, இருபத்தாறு வயசு.

"அப்பா, ஒரு சந்தேகம். ஒரு இறப்புப் பதிவு. மாசக் கடைசி வரி. கடைசி எழுத்தோட கால் செவப்புக் கோட்டு நுனி மேல ஏறியிருக்கு. பெருசு பண்ணிப் பார்த்தேன், கருப்பு மேல இருக்கு, செவப்பு கீழ இருக்கு. அப்படின்னா என்ன?"

"பின்னாடி எழுதினது"ன்னேன். கேட்டா சொல்றது எனக்குப் பழக்கம்.

"எவ்வளவு பின்னாடி?"

"ஸ்கேன்ல சொல்ல முடியாது கண்ணு."

"செத்ததா எழுதியிருக்கற குழந்தை நான்தான்பா"ன்னா. குரல்ல ஒண்ணும் இல்ல. "இல்லத்து ரிஜிஸ்தரும் கிடைச்சுது. அதுல நான் உங்களுக்குக் குடுக்கப்பட்டிருக்கேன். ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நீயே சொல்லு, நீதானே வாத்தியார்."

அடுத்த பஸ்ஸுக்கே வந்துட்டா. வந்தவ அலமாரியைத் திறந்து, அடித்தட்டுலேருந்து அந்த நீலக் கவுனை எடுத்து மேசையில போட்டா. அது அங்க இருந்தது எனக்கே தெரியாது. மத்த ஜாமான் மாதிரி போயிடுச்சுன்னு நினைச்சேன். "சாக்பீஸ் வாசனை நல்லா இருந்துச்சுன்னு வச்சிருந்தேன். தாய் தொழில் தையல்னு படிச்சதும் இதுதான் ஞாபகம் வந்துச்சு"னா.

நான் எல்லாத்தையும் சொன்னேன், இங்க உங்களுக்குச் சொன்ன மாதிரியேதான், வரிசையா. நடுவுல ஒரு தடவை, "அளவு எடுத்தாங்களே, அப்ப அவங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா. தெரியாதுன்னேன். "எனக்கும் தெரியாது. அங்க நின்ன மூணு பேர்ல உனக்கு மட்டும்தான் தெரியும்"னா. அது சரிதான்.

அவங்க இப்ப எங்கன்னு கேட்டா. நாலு வருஷம் முன்னாடி தவறிட்டாங்கன்னு சொன்னேன். பக்கத்துக் கடைக்காரம்மா வந்து பதிவு பண்ணாங்க. கவுண்டர்ல அன்னிக்கு நான்தான் இருந்தேன். தொழில் தையல். காரணம் நெஞ்சு நோய். பிள்ளைகள்னு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கடைக்காரம்மா, "ஒண்ணு இருந்துச்சாம், சின்னதுலயே போயிடுச்சாம் சார்"னாங்க. இல்லைன்னு எழுதினேன். அந்தப் பதிவுல செவப்புக் கோடு சரியா எழுத்துக்கு மேலதான் போகுது. குழந்தைகள் பகுதியில பெரியவங்க குழி வேணும்னு கேட்டு, வடக்கு ஓரத்துலயே, நான் காட்டின இடத்துக்குப் பக்கத்துலயே புதைச்சிருக்காங்க. அது அவங்க ஆசையாம்.

"கடைசியா எப்பப் பார்த்த?"ன்னு கேட்டா மக.

இதை நான் அவகிட்டச் சொல்லாம விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது, எந்த ரிஜிஸ்தர்லயும் இல்ல. ஆனா கேட்டுட்டா.

அவங்க தவறறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஆள் அனுப்பியிருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளைச்சு, கட்டில்ல பாதி இடத்துலதான் இருந்தாங்க. தேடின காலத்தை எல்லாம் பேசினாங்க, பைண்டரை விசாரிச்சாங்க. "அந்தாளு இப்பவாவது பொத்தானை ஒழுங்காப் போடறாரா?"ன்னு கேட்டாங்க. அப்புறம், "சார், தப்பா நினைக்காதீங்க, உங்க பொண்ணை ஒரு தடவை பாக்கணும் போல இருக்கு. என் கவுன் ஒண்ணே ஒண்ணு ஒரு உடம்புல ஏறினதை என் கண்ணால பார்த்தேன்னா அது அவ மேலதான். இப்ப எவ்வளவு உயரம் இருப்பா?"ன்னாங்க.

ஊர்ல இல்லம்மான்னு சொன்னேன்.

"நான் அப்ப எங்க இருந்தேன்?"ன்னு கேட்டா மக.

"வீட்லதான். லீவுக்கு வந்திருந்த."

கவுனை மடிச்சா. மடிச்சதைப் பிரிச்சு மறுபடி மடிச்சா. "சின்னப் புள்ளையில தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்த, சரி. எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசுப்பா. எழுந்திருக்க முடியாம படுத்திருந்தாங்க. நீ எதையும் சொல்லக் கூட வேணாம், சும்மா கூட்டிட்டுப் போய் நிக்க வச்சிருந்தாப் போதும். எதுக்குப் பயந்த?"

நான் எழுந்து போய் அலமாரிக் கதவைச் சாத்தினேன். "இதையும் உன் குரூப்ல எழுது. எல்லாருக்கும் பாடம் எடுத்தியே"ன்னு சொல்லிட்டு, கவுனைப் பையில வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா. அப்பா போயிட்டு வரேன்னு சொல்றது வழக்கம். அன்னிக்குச் சொல்லல. அப்புறம் போன் வரல.

அந்த வரியை எழுதினது நான்தான்னு பதிவாளருக்குக் கையெழுத்துப் போட்டுக் கடுதாசி குடுத்துட்டேன். என்ன நடவடிக்கையோ எடுக்கட்டும். அந்த அம்மாவோட பதிவுல பிள்ளைகள்ங்கற கட்டத்தைத் திருத்தணும்னும் கேட்டிருக்கேன். திருத்தற உரிமை மகளுக்குத்தான் உண்டு, எனக்கு இல்லன்னு பதில் வந்திருக்கு.

மக கேட்டதை ரெண்டு மாசமா யோசிச்சுப் பார்க்கறேன். பெருசா எதுக்கும் பயந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. அந்த ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறணும். வெயில் வேற. லீவுக்கு வந்த புள்ளைக்கு எதுக்கு அலைச்சல்னுதான் நினைச்சேன்.